எட்டு வயதில் புர்கா வேண்டுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி.

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறீர்கள். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. "இப்பவே புர்காவை மாட்டிப் பழக்கலன்னா அப்புறம் பேச்சே கேக்காது" என்று மாமியார் சொல்கிறார். பிள்ளை போடமாட்டேன் என்று அழுகிறாள். போன பெருநாளைக்கு ஏற்காடு போனபோது, "அண்ணன் மட்டும் டவுசரோட ஓடுறான், எனக்கு மட்டும் ஏன்?" என்று ஏரிக்கரையில் அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டாள். வற்புறுத்தவும் உங்களுக்கு மனசில்லை, அப்படியே விடவும் பயம். எந்த வயதில் எதைச் சொல்லித் தருவது என்று கேட்கிறீர்கள்.

நான் கோட்டைப் பக்கம் இருக்கிறேன். பகலில் தையல், அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது. இருபது வருஷமாக இந்த இரண்டும்தான். புர்காவைத் தைப்பதும் நான், அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான் என்பதால் பேச்சில் கொஞ்சம் துணி வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகள் கேட்டதற்கு வருவோம். அதை அடம் என்று தள்ளாதீர்கள். நியாயமான கேள்வி அது. குர்ஆனில் அந்நூர் என்ற சூராவில் (அத்தியாயத்தில்) பெண்களின் முக்காட்டைப் பற்றிப் பேசுகிற வசனம் 31-வது. அதற்கு முந்தைய 30-வது வசனம் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது: பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்று. அல்லாஹ் வைத்த வரிசை அது. நம் வீடுகளில் 31-ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள், 30-ஐக் கேட்டால் முழிப்பார்கள். அண்ணன் டவுசரோடு ஓடுகிறான், தங்கைக்குப் புர்கா என்றால் அவள் கண்ணுக்கு என்ன தெரியும்? இது மார்க்கம் என்று தெரியாது. பொம்பளைப் பிள்ளையாகப் பிறந்ததற்கு அபராதம் என்றுதான் தெரியும்.

இன்னொன்று. அதே அந்நூர் சூராவில், பருவமடையாத பிள்ளைகளைக் குறிப்பிட்டே ஒரு சட்டம் வருகிறது, 58-வது வசனத்தில். அதில் முக்காடு இல்லை, புர்கா இல்லை. கதவு இருக்கிறது. ஃபஜ்ர் என்ற விடியற்காலைத் தொழுகைக்கு முன்னால், நண்பகலில் நீங்கள் ஆடையைக் களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு என்று மூன்று நேரங்களில் உங்கள் அறைக்குள் வருவதற்குச் சின்னப் பிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும். அந்த மூன்று நேரங்களுக்கும் வசனத்திலேயே 'அவ்ரத்' என்றுதான் பெயர், அதாவது மறைக்க வேண்டியது. பருவமடைந்துவிட்டால் எல்லா நேரத்திலும் கேட்க வேண்டும் என்று 59-வது வசனம் சொல்கிறது. அதனால்தான் என்னிடம் வருகிற தாய்மார்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உடையைப் பற்றிய பாடத்தை அலமாரியில் ஆரம்பிக்காதீர்கள், கதவில் ஆரம்பியுங்கள்.

"ஒரே ரூம் ஆலிமா, கதவுக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். (ஆலிமா என்றால் மார்க்கம் படித்தவள்.) எங்கள் வீட்டிலும் அப்போது கதவு கிடையாது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் பழைய புடவையை இரண்டாக மடித்துத் தைத்த திரை ஒன்று, மேலே கம்பியில் வளையம் கோத்துத் தொங்கும். எங்கள் அத்தா (அப்பா) அந்தத் திரைக்கு வெளியே நின்று ஒரு தரம் செருமுவார், பிறகு ஸலாம் சொல்வார், "வாங்க" என்ற பிறகுதான் திரையை விலக்குவார். உள்ளே இருப்பது அவர் பெற்ற பிள்ளைகள், அவர் கட்டிய மனைவி. யாரும் எனக்கு அதைப் பாடமாக எடுக்கவில்லை. வளையம் கம்பியில் உரசுகிற சத்தத்துக்கு முன்னால் அந்தச் செருமல் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒருவர் உடம்பு அவருக்கு அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டது, அதன் அருகே வருவதற்கு ஒரு முறை உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளையை நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றுவோம். அது கையால் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடப் பார்க்கும். "அடடா, இப்பவே வெக்கத்தைப் பாரேன்!" என்று எல்லோரும் சிரிப்போம். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்குள் போட்டனுப்பிய ஹயாவை, அந்த வெட்கத்தை, நாமே சிரித்துச் சிரித்து அழித்துவிட்டு, பத்து வருஷம் கழித்து அதே ஹயாவைக் கடையில் எட்டு மீட்டர் துணியில் தேடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர், தன் சகோதரர் ரொம்பக் கூச்சப்படுகிறார் என்று அவரைக் கண்டித்துக்கொண்டிருந்தார். "அவரை விட்டுவிடுங்கள், வெட்கம் ஈமானில் (இறைநம்பிக்கையில்) உள்ளது" என்றார்கள் நபியவர்கள். புகாரி என்ற தொகுப்பில் இருக்கிற ஹதீஸ், அதாவது நபிமொழி. குளித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு துண்டைக் கொடுத்து, "உள்ள போய் மாத்திக்கோ கண்ணு" என்று சொல்வதே அந்த ஹதீஸைச் செய்து காட்டுவதுதான்.

வயதுக் கணக்கைச் சொல்கிறேன். நம் ஊரில் பெரும்பாலும் ஹனஃபி என்ற மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை)ப் பின்பற்றுகிறவர்கள், ஆகவே அதன்படி. நான்கு வயது வரை பிள்ளைக்கு அவ்ரத் என்ற சட்டமே கிடையாது. அதன்பிறகு முன், பின் உறுப்புகளை மறைக்க வேண்டும், வயது ஏற ஏற அது விரியும், பத்து வயதிலிருந்து பெரியவர்களைப் போல எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் எழுதியிருக்கிறார்கள். கடமை என்று வருவது பருவமடைந்த பிறகு. பருவ அடையாளம் எதுவும் தெரியாவிட்டால் சந்திரக் கணக்கில் பதினைந்து வயது. நம் காலண்டருக்கு அது பதினாலரை. பருவமடையும்வரை பிள்ளையின் மீது பேனா பாவக் கணக்கு எழுதாது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். ஆக, எட்டு வயது மகள் புர்கா போடாததற்காக உங்கள் மீதோ அவள் மீதோ குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. இதை முதலில் மனசில் இறக்கிக்கொள்ளுங்கள். பயத்தில் சொல்லிக்கொடுக்கிற எதுவும் பிள்ளைக்குப் பயமாகத்தான் போய்ச் சேரும்.

அதற்காகப் பதினான்கு வயது வரை சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் கறுப்புத் துணியை நீட்டவும் முடியாது. வழியையும் ஹதீஸே காட்டுகிறது: ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் கண்டிப்புக் காட்டுங்கள், படுக்கையைப் பிரித்துவிடுங்கள். உங்கள் மகளுக்கு எட்டு. அவள் தொழுகைப் பழக்கத்தில் இருக்க வேண்டிய வயது. தொழுகைக்கு உடை உண்டு. பருவமடைந்த பெண்ணின் தொழுகை முக்காடு இல்லாமல் ஏற்கப்படாது என்று ஹதீஸ் இருப்பதால், அந்தப் பழக்கத்தை மக்கனாவில் (தலையையும் தோளையும் மூடும்படி தைத்த முக்காடு) ஆரம்பிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு வக்து (வேளை) தொழுதாலும் போதும், அந்த ஐந்து நிமிஷம் தன் மக்கனாவைத் தானே போட்டு, தானே மடித்து வைக்கட்டும். தெருவில் யாரோ பார்ப்பதற்காகப் போட்டுப் பழகும் பிள்ளைக்கும், அல்லாஹ்வின் முன்னால் நிற்பதற்காகப் போட்டுப் பழகும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதல் பிள்ளை தெருவில் ஆளில்லாதபோது கழற்றிவிடும்.

உங்கள் மகனுக்குப் பதினொன்று என்றீர்கள். படுக்கையைப் பிரித்தாகிவிட்டதா? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன். தனி ரூம் வேண்டாம், தனிப் பாய், தனிப் போர்வை போதும்.

மகன் விஷயத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் ஓடிவிடுகிறார்கள். ஆணின் அவ்ரத் தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால் வரை, ஹனஃபியில் முழங்காலும் சேர்த்தி. அவன் டவுசர் முழங்காலுக்கு மேலே நின்றால் அவனுக்கும் பாடம் பாக்கி இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகிற பையன்களை என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டு வந்து சொல்வார்: இடுப்பில் நிற்காத ஜீன்ஸ், குட்டை டி-ஷர்ட், ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கப் போனால் பின் வரிசைக்காரர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். பெண் பிள்ளையின் நெற்றியில் இரண்டு முடி தெரிந்தால் பயான் (பிரசங்கம்) பண்ணுகிற வீட்டில், இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். பள்ளிவாசலுக்குப் போகும்போது கைலியோ, நீளமான ஜிப்பாவோ. இதை அவனுடைய அத்தா சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அது வீட்டு வேலைச் சத்தத்தோடு போய்விடும்.

பார்வையையும் அவனுக்குச் சொல்லித் தரவேண்டும். ஹிஜ்ரி 10-ல், விடைபெறும் ஹஜ்ஜில், நபியவர்களின் ஒட்டகத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் இளைஞர் ஃபள்ல் இப்னு அப்பாஸ் (ரலி). கஸ்அம் கூட்டத்துப் பெண் ஒருவர் தன் வயதான தகப்பனாரின் ஹஜ்ஜைப் பற்றிக் கேட்க வந்தார். ஃபள்ல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நபியவர்கள் ஃபள்லுடைய முகத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். நான் பையன்களுக்கு ஓதிக்கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருப்பவனின் தாடையை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். மறக்கமாட்டார்கள். கேள்வி கேட்க வந்த பெண்ணை அங்கே யாரும் திட்டவில்லை, அவர் கேள்விக்குப் பதிலும் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

சேலத்துப் பையன்களுக்குச் சொல்ல நம் ஊரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. கல்யாணத்துக்கு அந்த வேட்டி இல்லாமல் நம் அண்டை வீட்டார் மாப்பிள்ளையை மேடையேற்றமாட்டார்கள். சுன்னத் கல்யாணத்துக்கு நம் பையனுக்கும் பட்டு ஜிப்பா, கழுத்தில் பவுன் செயின் என்று ஆசைப்படுவார்கள். நபியவர்கள் ஒரு கையில் பட்டையும் மறு கையில் தங்கத்தையும் எடுத்து, "இவை இரண்டும் என் உம்மத்தின் (சமுதாயத்தின்) ஆண்களுக்கு ஹராம் (தடை)" என்றார்கள். பெண்களுக்கு ஆகுமானது. தங்கைக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும் அன்று, "உனக்கு இது கிடையாது ராஜா, காட்டன்தான்" என்று அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். உடையில் கட்டுப்பாடு தனக்கு மட்டும் இல்லை என்று உங்கள் மகள் அங்கே கண்ணால் பார்ப்பாள். ஏரிக்கரையில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் ஜவுளிக்கடையிலேயே கிடைத்துவிடும்.

அதே பட்டு விஷயத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) இருவருக்கும் உடம்பில் அரிப்பு இருந்ததால், பட்டு அணிய நபியவர்கள் அனுமதித்தார்கள். அரிப்புக்காக ஒரு ஹராமையே தளர்த்திய மார்க்கம் இது. தையல்காரியாக எனக்கு ரொம்பப் பிடித்த ஹதீஸ். ஏனென்றால் புர்காவுக்கு வருகிற ஃபிர்தௌஸ், நிதா என்ற துணிகள் எல்லாம் பெரும்பாலும் பாலியஸ்டர் ரகம். பளபளப்பு இருக்கும், சுருக்கம் விழாது, வியர்வையை மட்டும் குடிக்காது. சித்திரை வெயிலில் நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு அதை மாட்டினால், கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு கிளம்பிவிடும். பிள்ளை துணியை வெறுக்கிறது, நாம் மார்க்கத்தை வெறுக்கிறது என்று புரிந்துகொண்டு அடிக்கிறோம். சூரா நஹ்லின் 81-வது வசனத்தில், உங்களை வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளைத் தந்தான் என்று அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிச் சொல்கிறான். பிள்ளைக்கு எடுக்கும்போது காட்டன், இல்லையென்றால் ரேயான். கறுப்புதான் வேண்டும் என்று எந்த வசனத்திலும் இல்லை. தளர்வாக இருக்கட்டும், உடம்பு தெரியாத கனத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான். (கல்லும் சரிகையும் பதித்து ஐயாயிரம் ரூபாய்க்குப் புர்கா தைக்கச் சொல்லி வருகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கூலி வாங்கிக்கொண்டுதான் தைக்கிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

ஏற்காடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மார்கழியில் ஓதுகிற பிள்ளைகளை வேனில் கூட்டிப் போனோம். கீழே அஸ்தம்பட்டியில் "இறுக்குது, கழட்டிடறேன்" என்று முக்காட்டைப் பைக்குள் திணித்த ஒரு பிள்ளை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் குளிரில் அதைத் தேடி எடுத்துக் காதோடு சுற்றிக்கொண்டாள். காபித் தோட்டத்து ஓரமாக வேன் நின்றது. பழம் பறிக்கிற அம்மாக்கள், சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, இடுப்பில் சாக்கு. இந்தப் பிள்ளை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஆலிமா, இவங்களும் நம்ம ஆளுங்களா?" என்றாள். இல்லடா, பனிக்கும் பூச்சிக்கும் கட்டியிருக்காங்க என்றேன். "அப்ப நாம எதுக்குக் கட்டறோம்?" என்றாள் உடனே. கேள்வியென்றால் இதுதான் கேள்வி. அல்லாஹ் சொன்னதால் கட்டுகிறோம், அவனுக்குப் பிடிக்கும் என்பதால் கட்டுகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குளிருக்கும் நல்லாருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

'ஆம்பளைங்க பாப்பாங்க' என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். "ஒழுங்கா டிரெஸ் பண்ணலன்னா யாராவது ஏதாவது பண்ணிடுவாங்க" என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, நாளைக்கு யாராவது கெட்ட எண்ணத்தோடு கை வைத்தால், என் துப்பட்டா நழுவியதால்தான் இப்படி ஆனது என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். நம்மிடம் வந்து சொல்லாது. கை வைத்தவன்தான் பாவி, நீ என்ன உடுத்தியிருந்தாலும் ஓடிவந்து என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் சரி, அவனுக்கும் சரி, உட்கார வைத்துச் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய இடங்களைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில், அந்த இடங்களை யாரும் தொடக்கூடாது, சொந்தக்காரராக இருந்தாலும் கூடாது என்பதையும் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் ஆக்குங்கள். அவ்ரத்தின் பாடம் இது இல்லாமல் முழுசாகாது.

அதேபோல நரகத்தைக் காட்டி மிரட்டுவதும். உடுத்தியும் உடுத்தாதவர்களாக இருக்கும் பெண்களைப் பற்றிய ஹதீஸ் ஸஹீஹானதுதான் (ஆதாரப்பூர்வமானதுதான்), முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அது பெரியவர்களுக்கான எச்சரிக்கை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் சொல்வது உம்மு காலிதின் கதை. அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) பிறந்த சின்னப் பிள்ளை அவர். நபியவர்களுக்குத் துணிகள் வந்தன, அதில் பூவேலை செய்த சின்னக் கறுப்பு ஆடை ஒன்று. "இதை யாருக்குப் போட்டுவிடலாம்?" என்று கேட்டார்கள். எல்லோரும் மௌனம். "உம்மு காலிதைக் கூட்டி வாருங்கள்" என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம் கையாலேயே அணிவித்து, நைந்து போகும்வரை நீ உடுத்த வேண்டும் என்று துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். பிறகு அந்தப் பூவேலையைக் காட்டி, "உம்மு காலித், இது ஸனாஹ்!" என்றார்கள். அபிசீனிய மொழியில் 'அழகு' என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்கள், பார்த்தீர்களா. உங்கள் மகள் மக்கனா போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது "முடி தெரியுது பாரு" என்பதற்கு முன்னால், "மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகு!" என்று ஒரு வார்த்தை. முடியை அப்புறம் தள்ளிவிடலாம்.

பள்ளிக்கூட யூனிஃபார்மைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் பாவாடைக்குள் ஒரு பேண்ட், அல்லது பாவாடையை இரண்டு இஞ்ச் இறக்கித் தைப்பது, அவ்வளவு போதும். ஹெட்மிஸ்ட்ரஸை நேரில் போய்ப் பார்த்துத் தன்மையாகக் கேளுங்கள். 2022-ல் கர்நாடகக் கல்விக்கூடங்களில் ஹிஜாபைத் (முக்காட்டைத்) தடுத்த விவகாரம் டிவியில் ஓடியபோது என் பிள்ளைகளும் "நம்ம ஸ்கூல்லயும் கழட்டச் சொல்வாங்களா?" என்று கேட்டார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அந்தக் கவலையைப் பெரியவர்கள் சுமக்கலாம். எட்டு வயதுக்காரி தலையில் அதையும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக மாமியார். அவர்களை எதிர்த்துப் பேசாதீர்கள், பேசினாலும் பலன் இருக்காது. "நீங்க எந்த வயசுல துப்பட்டி போட ஆரம்பிச்சீங்க மாமி?" என்று ஒரு நாள் சாயங்காலம் டீயோடு கேட்டுப் பாருங்கள். அவர்கள் தலைமுறையில் உடம்பைப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி, அதுவும் வயசுக்கு வந்த பிறகு. எட்டு வயதில் பாவாடை சட்டையோடு தெருவில் பாண்டி ஆடியிருப்பார்கள், அவர்களே சொல்வார்கள். பிறகு பேத்தியை மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். சட்டத்தை உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும், மகன் சொன்னால் கேட்பார்கள்.

மக்கனாவைக் கடையில் வாங்காதீர்கள், எல்லாம் ஒரே சைஸ், பிள்ளைக்குத் தோளில் நிற்காது. டூ பை டூ ரூபியாவில் ஒன்றேகால் மீட்டர் போதும். டேப்பைத் தாடைக்கு அடியில் ஆரம்பித்து, கன்னத்தோரமாக நெற்றிக்கு மேலே ஏற்றி, மறுபடி தாடைக்கே கொண்டு வாருங்கள். வருகிற அளவுக்கு ஒரு இஞ்ச் சேர்த்தே முகத்துக்கு இடம் விடுங்கள், இறுக்கிவிட்டால் ஒரு வாரத்தில் பீரோவுக்கு அடியில் கிடக்கும். தாடைக்கடியில் பின் குத்த வேண்டிய வேலையே வராதபடி தைத்து மூடிவிடுங்கள், பின் ஒரு தரம் குத்தினால் போதும், பிள்ளை அதோடு விட்டுவிடும். துணி எடுக்க அவளையும் கூட்டிப் போங்கள், கலரை அவளே எடுக்கட்டும். ரோஸ்தான் எடுப்பாள். எடுக்கட்டும்.